வேனுக்குள் புகுந்த காற்று

திண்டிவனத்தில் யாருடைய வண்டி நின்றாலும் கூப்பிடாமலே போய் வைத்தியம் சொல்கிறவன் விருத்தாசலம். எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில், விழுப்புரத்தில் மச்சினிக்கு நிச்சயதார்த்தம் என்றதும், "பட்டுப்பொடவைய பஸ்சுல கசக்கிக்கினு போவியா? நம்ம வண்டி இருக்குது" என்று மனைவி காந்திமதியைத் தன் பழைய டீசல் வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வேன் இருமியது. நின்றது.

"டீசல் போற வழியில ஏர் பூந்துக்கிச்சு. ஜல்தியா எடுத்துடலாம்."

ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினான். டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை அடங்கியதும் திருகை முறுக்கினான். வண்டி ஓடியது.

"பாத்தியா?" என்றான். அவள் பார்த்து முடிப்பதற்குள் மறுபடி நின்றது.

விக்கிரவாண்டி வருவதற்குள் அவர்கள் வேண்டாமென்று விட்ட பஸ்ஸும், அதற்கடுத்ததும் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. முதலில் டீசலில் கலப்படம் என்றான். பிறகு ஃபில்டரைத் திட்டினான். அப்புறம் வண்டியை விற்றவனை. இன்ஜின் பக்கத்து இணைப்புகளைத் துடைத்துத் தடவிப் பார்த்தான். ஈரமே இல்லை.

"ஓட்டை இருந்தா ஒழுவணுமே!"

"ஒழுவலன்னா வுட்டுட்டு பஸ்சுல போலாம், வாங்க" என்றாள் காந்திமதி.

அப்போதுதான் உறைத்தது. டேங்கிலிருந்து பம்பு டீசலை உறிஞ்சுகிறது. அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஊருக்கெல்லாம் ஓதிய பாடம். தன் வண்டிக்கு மட்டும் மறந்துபோயிற்று.

டூல்பாக்ஸில் கிடந்த புது ஓஸின் ஒரு முனையைப் பம்பில் மாட்டி, மறுமுனையை டீசல் கேனில் விட்டான். கேனைத் தூக்கிப் பிடிக்கும் வேலை பட்டுப்புடவைக்காரிக்கு. இன்ஜின் நிற்காமல் ஓடியது. அப்படியானால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான்.

வண்டிக்கு அடியில் படுத்தான். ஓஸ் வெடித்த இடத்தில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்று கட்டுக்கம்பியால் சுற்றியிருந்தது. போன வாரம் அவனே கட்டியது. புது ஓஸை வீணாக்குவானேன் என்று பத்திரப்படுத்திவிட்டு, இந்த யோசனை எந்த மெக்கானிக்குக்கும் வராது என்று பூரித்துவேறு போயிருந்தான். வராதுதான்.

படுத்தபடியே சிரித்தான்.

"இன்னாங்க சிரிப்பு?"

"இந்த வேலைய எவன் செஞ்சான்னு கண்டுபுடிச்சிட்டேன்."

"எவன் அவன்?"

"இங்கதான் படுத்துக்கினு இருக்கிறான்."

அவள் கேனைக் கீழே வைத்தாள். புடவைக் கொசுவத்தில் உள்ளங்கை அகலத்துக்கு டீசல்.

புது ஓஸை நிரந்தரமாக மாட்டிக்கொண்டு விழுப்புரம் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடிந்து, கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாமனார் அரங்கநாதன் வாசலுக்கு வந்தார்.

"இன்னா மாப்ளே, பஸ்சு கெடைக்கலியா?"

ரோடு சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தவன் காந்திமதியின் முகத்தைப் பார்த்தான்.

"பஸ்சு நெறைய வந்துச்சுங்க மாமா. நாங்கதான் ஏறல."

இலையில் உட்கார்ந்தான். எத்தனை சோப்புப் போட்டும் கை வாசம் போகவில்லை. சாம்பாரிலும் டீசல், பாயசத்திலும் டீசல். இரண்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான்.