அரை வளையத்தின் நடுவில்

எங்கள் பாஹியா பிளாங்கா நகரத்துப் பொறியியல் புலத்தில் ஒருவர் கடைசிப் பாடத்தில் தேறிவிட்டால், முற்றத்திலேயே நண்பர்கள் முட்டையும் மாவும் அடித்து அபிஷேகம் செய்வார்கள். தேறாதவர் மேல் ஒரு துளி மாவும் படாது. இழவு வீட்டில் யாராவது பாயசம் வைப்பார்களா?

யானினா எச்செவெரிக்கு மின்காந்தவியல்தான் கடைசிப் பாடம். வாய்மொழித் தேர்வில் மூன்று முறை விழுந்தவள். இந்த முறையும் விழுந்தால் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். காற்றாலையில் அவளுக்காக வைத்திருந்த வேலையும் போய்விடும். தேர்வாளர்கள் மூவரில் நான் ஒருத்தி, தலைவர் ஸபாலா.

எண் போட்ட உருண்டைகள் கிடக்கும் கூண்டைச் சுழற்றி அவள் எடுத்த எண்ணுக்கு வந்த கணக்கு இது: அரை வளையமாக வளைத்த கம்பியில் மின்னூட்டம் சீராகப் பரவியிருக்கிறது. மையத்தில் மின்புலம் எவ்வளவு? பரவிக் கிடக்கும் மின்னூட்டத்தை ஒரே வாயில் விழுங்க முடியாது. துணுக்குகளாக நறுக்கி, ஒவ்வொன்றின் புலத்தையும் கண்டு, தொகையிட வேண்டும். யானினா அழகாகத்தான் நறுக்கினாள். பிறகு எல்லாவற்றையும் உருளைக்கிழங்கைப் போலக் கூட்டி வைத்துவிட்டாள். புலத்துக்குத் திசை உண்டு என்பது மறந்தே போய்விட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று முறையும் இதே குழியில்தான் விழுந்தாள்.

வெளியே காத்திருக்கச் சொன்னோம். முடிவு பேசும்போது மாணவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. கதவு சாத்தியதும் நான் ஃபெயில் என்றேன். மற்றவரும் தலையாட்டினார். ஸபாலா பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒரே கூச்சல். நண்பர்கள் ஏழெட்டுப் பேர் அவளை அரைவட்டமாக வளைத்துக்கொண்டு முட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் வெளியே வந்ததையே தேறியதாக நினைத்துவிட்டார்கள், அவசரக் குடுக்கைகள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் கையை ஆட்டினாள், யார் கேட்டார்கள்? இருபுறமும் அடி விழுந்தும் அவள் இடமும் சாயவில்லை, வலமும் சாயவில்லை. பின்னாலேயே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். அங்கே அப்படியே அசையாமல் நின்றாள். பாவமாக இருந்தது.

கதவு திறந்தது. மூக்கு நுனியில் மஞ்சள் கரு சொட்ட யானினா நின்றாள்.

"ப்ரொஃபே, முடிவ எழுதிட்டீங்களா?"

எழுதவில்லை. எழுதாத வரை தேர்வு முடியவில்லை, அது விதி. ஸபாலா என்னைப் பார்த்தார். நான் பலகையைக் காட்டினேன்.

பழைய விடையை டஸ்டரால் அழித்துவிட்டு, ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் மையத்துக்கு ஓர் அம்பு வரைந்தாள். பக்கவாட்டுப் பங்கை ஏன் விடுகிறாய் என்று வேண்டுமென்றே முறைப்பாகக் கேட்டேன்.

"இந்தப் பக்கத்து அடியும் அந்தப் பக்கத்து அடியும் ஒண்ணையொண்ணு தின்னுருது ப்ரொஃபே. நேரா எதிர்ல இருந்தவன் அடிச்சதுதான் முழுசா தள்ளுச்சு. ஓரத்துல நின்னவன் அடியில, பின்னால தள்ளுற பங்கு மட்டும்தான் மிச்சம்."

அந்தப் பங்குக்குக் கோணத்தின் சைனைப் பெருக்கித் தொகையிட்டாள். விடை முன்பு சொன்னதில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை. சரியான விடை அதுதான். ஸபாலா மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு முறை இருமிவிட்டு, தேறினாள் என்று எழுதினார்.

வெளியே நண்பர்கள் திருடர்கள் மாதிரி நின்றிருந்தார்கள். முடிவு வருமுன்பே அடித்துவிட்டோம் என்பது அதற்குள் அவர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது. யானினா அவர்கள் முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.

"தேறிட்டேன்டா. இப்ப அடிங்க."

ஒருவரிடமும் ஒரு முட்டை இல்லை. மாவுப் பையும் காலி. அவள் கை மெதுவாகக் கீழே இறங்கியது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய்ப் பலகையை மொத்தமாகத் துடைத்தேன். அந்த டஸ்டரைக் கொண்டுவந்து அவள் தலையில் தட்டினேன். சாக்பீஸ் தூள் கொட்டியது, அவள் முதலில் தப்பாகவும் பிறகு சரியாகவும் போட்ட கணக்கு எல்லாமே அதில் இருந்தது.