அதிகம் விசாரிக்கப்பட்ட பாகம்

கார் என்பது ஒரு மரம். வேர் மேலே இருக்கும், இலைகள் கீழே தொங்கும். இதைத் தெரிந்துகொள்ள மக்கேய் கல்லூரியில் கட்டணம் கட்டிப் படித்தேன். படித்ததை வாரத்தில் இரண்டு நாள் முர்ரே டிராஸ்கின் யார்டில் செலவழித்தேன்.

விபத்தில் நொறுங்கிய வண்டிகள் அங்கே லாரியில் வரும். முர்ரே அவற்றைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்பார். நான் ஒவ்வொரு வண்டியையும் கணினியில் மரமாக்குவேன். உச்சியில் வண்டி. அதன் கீழே எஞ்சின், கதவு, சீட். கதவின் கீழே கண்ணாடி, கைப்பிடி. சீட்டில் இருக்கும் கறை எதன் கீழும் வராது. அதற்குக் கட்டம் கிடையாது.

"இடம் பத்தலடா புரொஃபசர்" என்றார் முர்ரே. "எதை வச்சுக்கணும், எதை நசுக்கணும்னு உன் மெஷினே சொல்லட்டும். நான் சொன்னா எல்லாரும் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

எனவே ஒரு விதி எழுதினேன். யாரும் விசாரிக்காத வண்டி நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும். விசாரிப்பு வந்தால் அது யார்டிலேயே நிற்கும். எந்தப் பாகத்தை அதிகம் பேர் கேட்கிறார்களோ, அதை முதலில் கழற்றச் சொல்லிக் காலையில் ஒரு தாள் அச்சாகும். விதியின் முன்பாதி யார்டில் எல்லோருக்கும் தெரியும். என்னைத் தவிரப் பின்பாதியைத் தெரிந்து வைத்திருந்தவன் அந்தத் தாளை வாங்கி ஸ்பேனரை எடுக்கும் டெஸ்ஸி ஒருவன்தான்.

நோரீன் ஹாடோ பஸ்ஸில் வந்தாள். மகனை அடக்கம் செய்யத் தன் காரை விற்றிருந்தாள். மகன் பிராடியின் வெள்ளை யூட், பின்னால் திறந்த தட்டு வைத்த வண்டி, எங்கள் பின்வரிசையில் நின்றது. சரிவில் உருண்டதில் கூரை சப்பையாகியிருந்தது, முன்பக்கம் முழுசாக இருந்தது. சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவன் தூங்கிவிட்டான் என்று போலீஸ் எழுதிவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த நண்பனும் செத்துப்போனான்.

"அவன் தூங்கல" என்றாள் முர்ரேயிடம். "இடது பக்கம் திருப்புனா ஸ்டியரிங் சிக்குதும்மான்னு முந்தின வாரமே சொன்னான். பிரிஸ்பேன்ல இருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்க்கறேன்னிருக்கார். அடுத்த மாசம்தான் வர முடியுமாம். அதுவரைக்கும் வண்டியை அப்படியே வைங்க. கூட இருந்து செத்த பையனோட அம்மா என்னைப் பார்த்தா தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போயிடறா."

"எனக்கும் வருத்தம்தான் நோரீன்" என்றார் முர்ரே. "ஆனா வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு வண்டியை வச்சிருந்தா, நான் நடத்தறது யார்டு இல்ல, கல்லறை."

கவுன்ட்டரில் போன் எடுக்கும் ரேலீன், சிகரெட் பிடிக்கும் சாக்கில் நோரீன் பின்னாலேயே வாசலுக்குப் போனாள். இதை ரேலீனே பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"இந்தக் கடையில அழுதா பிரயோஜனமில்ல, நோரீன். விசாரிச்சாதான் மதிப்பு. அந்த யூட்ல இது இருக்கா, அது இருக்கான்னு போன் போட்டுக்கிட்டே இருங்க. தெரிஞ்சவங்களையும் போடச் சொல்லுங்க. கேக்கற ஆள் இருக்கற வரைக்கும் மெஷின் நசுக்காது."

நோரீனின் அக்கா கூப்பிட்டாள். சர்ச்சிலிருந்து கூப்பிட்டார்கள். பௌலிங் கிளப் கிழவிகள் முறை வைத்துக் கூப்பிட்டார்கள். எந்தப் பாகம் என்று நிரப்பாமல் கணினி விசாரிப்பை ஏற்காது. அந்தக் கிழவிகளுக்கோ வண்டியின் உள்ளே இருப்பதில் ஒன்றே ஒன்றுதான் தெரியும், நோரீன் அடக்கத்தன்று சொல்லிச் சொல்லி அழுத, சக்கரத்தைத் திருப்பும் பாகம்.

"ஸ்டியரிங் ராக் இருக்கா கண்ணு?"

"இருக்கு மேடம். உங்க வண்டி என்ன வருஷம்?"

"எனக்கு வண்டியே கிடையாது."

"பதிஞ்சுக்கிட்டேன் மேடம்."

நான் வியாழக்கிழமை வந்து திரையில் விசாரிப்பு வரைபடத்தைப் பார்த்தேன். குயின்ஸ்லாந்தே இடது பக்கம் திரும்ப முடியாமல் தவிப்பதுபோல் இருந்தது. முர்ரே என் முதுகில் தட்டினார். அந்த வரைபடத்தை ஒரு கட்டுரையில் ஒட்டி, 'தேவையை முன்கூட்டியே அறிதல்' என்று தலைப்பிட்டுக் கல்லூரியில் கொடுத்தேன். வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான்.

மறுவாரக் காலைத் தாளில் ஸ்டியரிங் ராக் முதலிடத்தில் இருந்தது. டெஸ்ஸி கழற்றி என் மேஜையில் வைத்தான்.

"உள்ள எங்கயோ பிடிக்குது மச்சான்" என்றான்.

"பிடிக்குதுன்னு போட இடமில்ல. தரம் ஏ, பி, சி. மூணுல ஒண்ணு சொல்லு."

"உருண்ட வண்டிதானே. பி போடு."

பி போட்டேன். இணையத்தில் ஏற்றிய அன்றே விற்றது. விற்ற பாகத்தை மரத்திலிருந்து வெட்டிவிடுவது என் முறை. உத்தரவாதக் காலம் முடியும்வரை வாங்கியவரின் பெயரும் வண்டி வகையும் போன் நம்பரும் மட்டும் தங்கும்.

இன்ஜினியர் வந்த அன்று நானும் யார்டில் இருந்தேன். நோரீன் சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் வந்திருந்தாள். ரேலீனையும் சேர்த்து நால்வரும் பின்வரிசைக்குப் போனோம். யூட் அங்கேயே நின்றது. ரேலீன் பெருமையோடு அதைக் கைகாட்டினாள். இன்ஜினியர் கீழே படுத்து டார்ச் அடித்தார். நெடுநேரம் எழவில்லை.

"இங்க ஒண்ணுமில்லையே" என்றார்.

"என்ன ஒண்ணுமில்ல?" என்றாள் நோரீன்.

"நீங்க பார்க்கச் சொன்னது."

ரேலீன் என்னைப் பார்த்தாள். நான் விதியின் பின்பாதியைச் சொன்னேன். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை, நன்றாக எழுதப்பட்ட விதி அது.

"அப்ப நாங்க கேட்டதாலதான் கழட்டுனீங்களா?" என்றாள் நோரீன்.

"ஆமா."

"திரும்ப வாங்கிடலாம்ல?" என்று ரேலீன் இன்ஜினியரைக் கேட்டாள்.

"வாங்கலாம். விசாரணையில எடுத்துக்க மாட்டாங்க. கழட்டினது, கை மாறினது, வேற வண்டியில ஓடினது. எப்ப கெட்டுதுன்னு யார் சொல்றது?" அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

நோரீன் அவர் சொன்னதில் ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். "வேற வண்டியில ஓடுதா?"

கவுன்ட்டருக்கு வந்தோம். வாங்கியவர் பெயர் கேவன் பர்செல். அவர் வண்டி, பிராடியின் யூட் மாதிரியே ஒன்று. வாடிக்கையாளர் விவரத்தை வெளியே தரக்கூடாது என்பது முர்ரேயின் விதி. நான் திரையை நோரீன் பக்கம் திருப்பினேன்.

"அந்த ஆளா?" என்றான் உள்ளே வந்த டெஸ்ஸி. "சுரங்கத்துக்காரன். பணம் அப்பவே கட்டிட்டான், போன சனிக்கிழமைதான் வந்து எடுத்துட்டுப் போனான், தானே மாட்டிக்கிறேன்னு. இன்னைக்கு ஷிப்ட்டுக்குத் திரும்பணும்னான்."

நோரீன் தன் போனில் அழைத்தாள். மணி அடிக்காமலேயே பதிவுக் குரல் வந்தது. எங்களுக்கும் கேட்டது, உற்சாகமான குரல். "கேவன் பேசறேன். வண்டி ஓட்டிக்கிட்டிருப்பேன், அப்புறம் கூப்பிடுங்க."

"தம்பி, வண்டியை ஓரமா நிறுத்து" என்றாள் அவள். "நான் யாருன்னு அப்புறம் சொல்றேன். முதல்ல நிறுத்து."

"சுரங்க ரோட்டுல ஈட்டன் மலையேத்தம் தாண்டிட்டா சிக்னல் வராது நோரீன்" என்றாள் ரேலீன் மெதுவாக.

நோரீன் மறுபடி அழைத்தாள். ரேலீனின் விரல்கள் பழக்கத்தில் விசாரிப்பைப் பதியக் கீபோர்டுக்குப் போயின. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"கேவன் பேசறேன்" என்றது போன்.