ஒன்பதாம் நம்பர் ரவை

மூன்று வாரத்தில் ஒன்பது காட்டு உள்ளான் பறவைகளைக் குறி தவறவிட்டிருந்தாள் அசெனோர். இந்த ஞாயிறும் ஒன்று விழாவிட்டால் மெலேன் கையை விட்டுப் போய்விடுவாள். மெலேன், அக்கா கணவர் குல்வென் பழக்கிக் கொடுத்த வேட்டை நாய்.

"சுடத் தெரியாதவ கையில இருந்தா நல்ல நாயும் மனசு விட்டுப்போயிடும். ஞாயித்துக்கிழமை உன் துப்பாக்கியால ஒண்ணு விழணும். இல்லன்னா கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை கொட்டகைக் கதவில் செய்தித்தாளை ஒட்டி, பன்னிரண்டு தப்படி தள்ளி நின்று சுட்டுப் பார்த்தாள். குல்வென் எப்போதும் வாங்கச் சொல்லும் ஆறாம் நம்பர் ரவைத் தோட்டா, தன் ஈயக் குருணைகளால் சாப்பாட்டுத் தட்டளவுக்குத்தான் துளைத்தது. அதைவிடச் சன்னமான ரவை கொண்ட ஒன்பதாம் நம்பர் சிதறு தோட்டாவோ தாளைத் தாண்டிக் கதவையும் பொடிப்பொடியாய்க் குத்தியிருந்தது. காலடியில் எழும்பி மரத்துக்கு மரம் நெளிந்து பறக்கும் பறவைக்கு, இத்தனை நாளும் தூரத்து வாத்துக்கான ரவையைப் போட்டிருக்கிறாள்! தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டு, ஒன்பதைப் பையில் நிரப்பினாள்.

மறுநாள் காலையில் ஊல்கோட் காட்டோரம் அதைப் பார்த்த குல்வெனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன மச்சினி, கடுகை வாரி எறியவா வந்திருக்க? ஒரு இலை குறுக்க வந்தா நின்னுடும்."

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா அத்தான்? நீங்க உங்க ஆறையே போட்டுக்குங்க."

மெலேனின் கழுத்துமணி முட்புதருக்குள் கிணுகிணுத்துக்கொண்டே போய், சட்டென்று நின்றது. நாய் பறவையைக் கண்டு உறைந்துவிட்டது. அசெனோர் புதருக்குள் புகுந்தாள். குல்வென் அந்தப் பக்கத்து வழியில் நின்றார். பறவை விருட்டென்று எழும்பியது. மரக்கிளையைத் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். இரண்டு துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. பறவை விழுந்தது. மெலேன் அதைக் கவ்விவந்து அவள் கையில் வைத்தாள்.

"அது என் குண்டு. உன் கடுகு அவ்வளவு உயரம் போகாது. நாய் என்கூட வருது" என்றார் குல்வென். பொய் சொல்லவில்லை, மனுஷர் மனதார நம்பினார்.

அசெனோர் கத்தியை எடுத்துப் பறவையின் நெஞ்சைக் கீறினாள். குல்வென் பதறிப்போனார்.

"ஏய், ஏய்! என்ன காரியம் பண்ற? காட்டு உள்ளானை அன்னிக்கே யாராவது கிழிப்பாங்களா? குடலோட நாலு நாள் தொங்கவிட்டாத்தான் கறி பக்குவமாகும். ஊர்ல தெரிஞ்சா காறித் துப்புவாங்க!"

"துப்பட்டும்."

சதையை விரலால் துழாவி ஒன்று, இரண்டு, ஐந்து என்று ரவைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். எலும்புவரை தேடியும் வேறு எதுவும் கிடைக்கவில்லை. குல்வென் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்த்தார். நாற்பது வருஷம் வேட்டையாடிய விரல்களுக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

"எல்லாமே ஒன்பது" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நாய் உன்னோடதுதான்."

அசெனோர் சேற்றிலேயே மண்டியிட்டு மெலேனைக் கட்டிக்கொண்டு, மூன்று வாரமாய் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள்.