பெல்மாண்ட் வளைவில் நின்ற இரண்டு வண்டிகள்

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பிறகு நடந்தது புரியும்.

ஒன்றாம் எண் வண்டி, கிராண்ட் ஆன்ஸ் போகிற சிறு பேருந்து. வலது பக்கம் ஓட்டுநர் பிக்ஸ். அவருக்குப் பக்கத்தில் வங்கிச் சீருடை போட்ட ஒரு பெண். ஓட்டுநருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் சன்னலோரம், ஜெர்வெஸ் மொடெஸ்ட். உல்லாசக் கப்பலில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவன். அவனுக்கு இடப்பக்கம் நான், ஓர்லின் பப். குவாவ் ஊர்க்காரி, ஜாதிக்காய்க் கிடங்கில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவள். எனக்கும் கதவுக்கும் நடுவில் நடத்துநர் லெரோன். அவன் உட்கார்ந்ததைவிடத் தொங்கியதுதான் அதிகம். இரண்டாம் வரிசையில் மிஸ் ஈனா, காலடியில் எரிவாயு உருளை. அவரை அடுத்து, அதே கப்பலில் வந்த வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும், மடியில் ஆளுக்கொரு துண்டு. மூன்றாம் நான்காம் வரிசைகளில் எட்டுப் பேர், பெயர் தெரியாது.

யாரைப் பார்க்கப் போனோமோ அவர் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் பாதாம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஜெர்வெஸின் அப்பா, அல்பன்.

அப்பாவும் மகனும் பேசி நாலு வருடம் ஆகிறது. எங்கள் தீவைப் புரட்டிப்போட்ட பெரும்புயலுக்கு அடுத்த ஜனவரியில் ஜெர்வெஸின் அம்மா போய்விட்டாள். அப்போது கப்பல் நடுக்கடலில். அவனை இறக்கிவிட வழியில்லை; அவன் வரவில்லை. அல்பன் சவப்பெட்டியை மற்ற மீனவர்களோடு தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து, மகனின் பெயரை வீட்டில் சொல்வதை நிறுத்திவிட்டார். தொலைபேசிக்கும் வரமாட்டார். கடிதம் வந்தால் மட்டும் எதிர்வீட்டுப் படியேறி என்னிடம் கொடுப்பார். நான் படிப்பேன். கேட்டுவிட்டு, "சரி" என்பார். பதில் எழுதச் சொன்னதில்லை.

இந்த ஜனவரியில் சொன்னார். சர்க்கரை அவருடைய வலது பாதத்தைத் தின்றுவிட்டது. மார்ச் முதல் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவதாக மருத்துவமனையில் நாள் குறித்திருந்தார்கள். ஜெர்வெஸின் கடிதத்தில், பிப்ரவரி பதினேழாம் தேதி கப்பல் எங்கள் துறைமுகத்துக்கு வருகிறது, அதன்பின் அவனை ஆசியப் பக்கம் போகும் வேறு கப்பலுக்கு மாற்றுகிறார்கள் என்று இருந்தது. மதியம் ஒரு மணிக்கு வேலையில் ஏற வேண்டும், அதற்குள் குவாவ் வந்து போக முடியாது, பன்னிரண்டு மணிக்குக் கிராண்ட் ஆன்ஸ் வரை வர முடியும் என்று எழுதியிருந்தான்.

"வீட்டுக்குள்ள வர வேணாம்" என்றார் அல்பன். "கடற்கரை எல்லாருக்கும் பொது. பன்னெண்டு மணிக்கு அங்க உக்காருவேன். ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது. எழுது."

எழுதினேன். துறைமுக வாசலும் வண்டி நிலையமும் புயலுக்குப் பிறகு கட்டியவை. அவனுக்கு வழி தெரியாது. வாசலில் எந்தப் பக்கம் திரும்புவது, எந்த எண் வண்டி, எந்தக் கடை தாண்டியதும் வண்டியை நிறுத்தக் கூரையைத் தட்டுவது, எத்தனையாவது பாதாம் மரம், எல்லாம் வரிசையாக எழுதினேன். போதாதென்று, நானே வாசலில் வந்து நிற்பதாகவும் எழுதினேன். பதினொன்றே கால் முதல் நின்றேன். அல்பன் என்னோடு, எங்கள் ஊருக்கு ஓடும் ஐந்தாம் எண் வண்டியில் வந்து, நிலையத்தில் இறங்கி, காலை இழுத்துக்கொண்டு ஒன்றாம் எண் வண்டிக்கு மாறிப் போயிருந்தார். கையில் ஒரு பொட்டலம். என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜெர்வெஸ் வாசலுக்கு வந்தபோது பன்னிரண்டு இருபது.

"என்னடா, அங்க உன் அப்பா இருபது நிமிஷமா உக்காந்திருக்காரு!"

"இருபது நிமிஷமாவா? மணி பதினொண்ணு இருபதுதானே அத்தை?" என்று கையைத் திருப்பிக் காட்டினான். "கப்பல்ல எங்களுக்கு மயாமி நேரம். தீவுக்குத் தீவு முள்ளைத் திருப்பிக்கிட்டு இருந்தா வேலை செய்ய முடியுமா?"

பாதாம் மரத்தை எண்ணிச் சொன்ன நான், எந்தக் கடிகாரம் என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை, ஆறு வருடமாக அவனுக்கு அது ஒன்றுதான் நேரம்.

வாசலில் டாக்ஸிக்காரர்கள் மொய்த்தார்கள். "கடற்கரை, கடற்கரை! பத்தே நிமிஷம்!"

"ஏறிடுவோம்டா" என்றேன்.

"நான் டாக்ஸிலயா?" ஜெர்வெஸ் சிரித்தான். "இந்த ஊர்ல பொறந்தவன் டாக்ஸில போய் அப்பா முன்னாடி இறங்கினா, 'வாங்க துரை'ன்னுதான் கூப்பிடுவாரு. வேற வினையே வேணாம். வண்டியிலயும் பன்னெண்டு நிமிஷம்தானே?"

நியாயமாகப் பட்டது. அல்பனை எனக்கும் தெரியும். டாக்ஸி வெளியூர்க்காரர்களுக்கு, நாங்கள் யாரும் பிணம் விழுந்தாலொழிய அதில் ஏறமாட்டோம். வண்டி நிலையத்துக்கு நடந்தோம்.

வண்டி பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடும், புறப்பட்டால். நிரம்பினால்தான் புறப்படும். நாங்கள் ஏறியபோது உள்ளே ஐந்து பேர். லெரோன் வெளியே நின்று "ஆன்ஸ்! ஆன்ஸ்! ஆன்ஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, கொஞ்சம் அவசரம்" என்றேன்.

"எல்லாருக்கும் அவசரம்தான் மாமி. அவசரமில்லாத ஆளு நடந்து போயிடுவாரு."

ஒவ்வொருவராக ஏறி, "மதிய வணக்கம்" சொல்ல, நாங்கள் எல்லோரும் பதில் சொன்னோம். வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் ஒன்றும் சொல்லாமல் ஏறி, துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வண்டி அமைதியாகிவிட்டது.

"வாய் பேசாத ரெண்டு பேரு ஏறியிருக்காங்க பாவம்" என்றார் மிஸ் ஈனா. "எல்லாரும் சைகையில பேசுங்க."

பின் வரிசையில் சிரித்தார்கள். தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"உடம்பைச் சின்னதாக்குங்க, இன்னும் ஒரு ஆளு!" என்று கடைசி ஆளையும் திணித்துவிட்டு லெரோன் கதவை இழுத்தபோது பன்னிரண்டு நாற்பத்துமூன்று. ஐம்பத்தைந்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். சுரங்கப் பாதை தாண்டி, துறைமுக வளைவு தாண்டி, லகூன் சாலையில் நன்றாகத்தான் போனது. பெல்மாண்டில் மிஸ் ஈனா கூரையைத் தட்டினார்.

"பிக்ஸ் கண்ணு, இந்த உருளையை நான் எப்படி மேட்டுல தூக்கிட்டுப் போவேன்?"

பிக்ஸ் வண்டியை மேட்டுச் சந்தில் திருப்பினார். யாரும் முணுமுணுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நாளைக்கு என் கையில் உருளை இருந்தால் எனக்கும் திருப்புவார். ஜெர்வெஸ்தான் இறங்கி உருளையை அவர் வாசல் வரை கொண்டுபோய் வைத்தான். "நல்ல பிள்ளை. உங்க அம்மா புண்ணியம் செஞ்சவ" என்றார் மிஸ் ஈனா. யார் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. ஜெர்வெஸ் தலையைக் குனிந்துகொண்டு ஏறினான்.

மறுபடி இறங்கிப் பெரிய சாலைக்கு வரும்போது ஒன்று பத்து. அங்கே வளைவில் கிராண்ட் ஆன்ஸிலிருந்து நகரத்துக்குப் போகும் வண்டி எதிரே வந்தது. இரண்டும் ஒன்றையொன்று உரசுகிற மாதிரி நின்றன. ஓட்டுநர்கள் இருவரும் பேசினார்கள்; எந்தச் சந்திப்பில் போலீஸ் நிற்கிறது, நேற்று கிரிக்கெட்டில் யார் தோற்றது. இதெல்லாம் தினம் நடக்கிறதுதான். அந்த வண்டியின் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. எங்கள் சன்னல் திறந்திருந்தது.

அந்த நேரத்தில் ஜெர்வெஸ் என் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தான்: "முதல்ல என்ன சொல்றது அத்தை? 'அப்பா'ன்னு கூப்பிட்டா எழுந்து போயிடுவாரா?"

"கால் இருக்கிற நிலைமைக்கு உடனே எழுந்துக்க முடியாது. உனக்கு மூணு வார்த்தைக்கு நேரம் இருக்கு" என்றேன்.

அவன் சிரித்தான். பயத்தில் வரும் சிரிப்புதான். ஆனால் வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். வண்டிகள் நகர்ந்தன.

கடைக்குப் பக்கத்தில் கூரையைத் தட்டி இறங்கி மணலில் ஓடினோம். வெள்ளைக்காரர்களும், என்ன அவசரமோ என்று எங்கள் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தார்கள். நாலாவது பாதாம் மரத்தடியில் யாரும் இல்லை. மணலில் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. ஊன்றுகோலின் துளை வரிசையாகச் சாலைப் பக்கம் போனது. பழம் விற்கும் வீரா மரத்தின் மறுபக்கம் பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

"கால் சரியில்லாத பெரியவரா? ஒரு மணி ஆச்சான்னு என்கிட்ட மூணு தடவை கேட்டாரு. ஆச்சுன்னேன். எழுந்து போயிட்டாரு. இதைக் கொடுத்துட்டுப் போனாரு, யாராவது சாப்பிடட்டும்னு."

மடியிலிருந்த பொட்டலத்தைக் காட்டினாள். பொரித்த மீனும், பொரித்த ரொட்டியும். இரண்டு மீன் போய் ஒன்று மிச்சம் இருந்தது.

"உங்களுக்குன்னு தெரியாது. தெரிஞ்சா தொட்டிருக்க மாட்டேன்யா."

ஜெர்வெஸ் அந்த மிச்ச மீனை வாங்கி, நின்றபடியே முள்ளோடு தின்றான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கடலைப் பார்த்தேன். கப்பல் அங்கிருந்தும் தெரிந்தது, நகரத்தைவிட உயரமாக.

உடனே வண்டி பிடித்துத் திரும்பினோம். நிலையத்தில் ஐந்தாம் எண் வண்டி நிரம்பாமல் அவர் இன்னும் காத்திருப்பார் என்ற ஒரே நம்பிக்கை. அன்று அந்த வண்டி உடனே நிரம்பிப் போய்விட்டிருந்தது. மணி ஒன்று நாற்பது. அவன் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது.

"போயிட்டு வரேன் அத்தை" என்றான். வாசலில் அட்டையைக் காட்டி, வரிசையில் நின்று, திரும்பிப் பார்க்காமல் போனான்.

அடுத்த ஐந்தாம் எண் வண்டியில் குவாவ் வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராக அல்பனிடம் போனேன். அவர் காலை முக்காலியில் வைத்து, கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கப்பல் நேரத்தைப் பற்றி, கேட்க மறந்த என் தப்பைப் பற்றி, உருளையைப் பற்றி எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு "சரி" என்றார்.

"சரின்னா என்ன அர்த்தம்? அவன் வந்தான், அல்பன். கால் மணி நேரத்துல தவறிடுச்சு."

"வந்தான்னு தெரியும். பாத்தேன்."

"எங்க?"

"பெல்மாண்ட் வளைவுல. எதிர் வண்டியில நான்தான் இருந்தேன், சன்னலோரம். கண்ணாடியைத் தள்ளிக் கைய நீட்டியிருந்தா அவன் தலையைத் தொட்டிருக்கலாம்."

"கூரையைத் தட்டியிருந்தா நின்னிருக்குமே!"

"நின்னுக்கிட்டுதானே இருந்துச்சு." கட்டுத் துணியைச் சுருட்டினார். "தட்டத்தான் கைய தூக்கினேன், ஓர்லின். அவன் சிரிச்சிட்டு இருந்தான். ஒரு மணி நேரம் என்னை வெயில்ல உக்கார வச்சிட்டு, தலையைச் சாய்ச்சுச் சிரிக்கிறான். தூக்கின கைய மடியில வச்சிக்கிட்டேன்."

அவன் ஏன் சிரித்தான் என்று சொன்னேன். கேட்ட கேள்வியை அப்படியே சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

"இருக்கலாம்" என்றார். சுருட்டிய துணியை ஓரமாக வைத்துவிட்டு, "இப்ப தெரிஞ்சு என்ன?" என்றார்.

"கடுதாசி எழுதலாம்."

"எழுது. பாத்தேன்னு எழுது. தட்டலைன்னும் எழுது."

"அது வேணாம் அல்பன். பாக்கலைன்னே இருக்கட்டும். கால் மணி நேரத்துல தவறிடுச்சுன்னு அவன் நினைச்சுக்கிட்டுப் போகட்டும்."

"இத்தனை வருஷமா நீ படிச்சதை அப்படியே நம்பினேன். சொன்னதை அப்படியே எழுதுவேன்னும் நம்பறேன். எழுது."

இரண்டு வாரம் அதை எழுதாமல் வைத்திருந்தேன். மார்ச் மூன்றாம் தேதி அவரை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள், பக்கத்து வீட்டு லாரியில் பாய் விரித்துப் படுக்க வைத்து. இனி வண்டிப் படி ஏற அவருக்குக் கால் இருக்காது. லாரி கிளம்பும்போது என்னைப் பார்த்து, "போட்டாச்சா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மதியம் உட்கார்ந்து எழுதினேன். நேரம் கேட்காதது என் தப்பு என்று முதல் பத்தி. ஆபரேஷன் பற்றி இரண்டாவது. மூன்றாவதில் அவர் சொன்னபடி: "உன் அப்பா எதிர் வண்டியில் இருந்தார். உன்னைப் பார்த்தார். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். தட்டக் கையைத் தூக்கினார். தட்டவில்லை." அதற்குக் கீழே ஆறுதலாக ஏதாவது எழுதலாம் என்று அரை மணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. என் பெயரை எழுதினேன்.

அவன் அந்தக் கப்பலில் இப்போது இல்லை. புதுக் கப்பலின் பெயர் எனக்குத் தெரியாது. உறையில் கப்பல் நிறுவனத்தின் மயாமி அலுவலக விலாசத்தை எழுதி, 'ஊழியர் எங்கிருந்தாலும் அனுப்பவும்' என்று அடிக்கோடிட்டேன். பசையை நாக்கால் நனைத்து ஒட்டி, அஞ்சலகத்துக்கு நடந்துபோனேன். அங்கிருந்த பெண் எடை போட்டாள்.

"எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது மிஸ் ஓர்லின்" என்று சொல்லி, முத்திரை குத்திப் பையில் போட்டாள்.