மரியதாசன் மைக்கைப் பிடித்த இடம்

கிட்ட வந்து உட்காருங்கள், மக்களே. இடம் இருந்தும் இடமில்லாமல் போன ஒரு கம்ப்யூட்டரின் கதை சொல்கிறேன்.

குளச்சலில் ஜாஸ்மி பழைய வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பவள். நேசபாய் தன் கல்யாணக் கேசட்டை அவளிடம் கொண்டுவந்தாள். கடற்காற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. இன்னும் ஒரு தடவை ஓடினாலே பெரிய காரியம்.

நேசபாயின் புருஷன் மரியதாசன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது மகள் வயிற்றில் இருந்தாள். நாளை அவளுக்குக் கல்யாணம். கேசட்டில், விருந்து நேரத்தில், அவன் மைக்கைப் பிடித்து, "எனக்கு மூத்தது பொம்பளப்பிள்ளைன்னா, அவ கல்யாணத்தன்னிக்கு நான்தான் கையப் புடிச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்று சொல்லியிருக்கிறான். அப்பாவின் குரலை மகள் கேட்டதேயில்லை.

ஜாஸ்மியின் கம்ப்யூட்டரில் இருந்தது 32 பிட் விண்டோஸ். எவ்வளவு மெமரி மாட்டினாலும் நாலு ஜிபிக்கு மேல் கதவு எண் போட அதற்குத் தெரியாது. அந்த நாலிலும் கொஞ்சம் உள்ளே மாட்டியிருக்கும் கார்டுகளுக்குப் போய்விடும். மிச்சமெல்லாம் தபால் போகாத வீடுகள் மாதிரிச் சும்மா கிடக்கும். 64 பிட்டுக்கு மாற்றலாம்தான். ஆனால் கேசட்டிலிருந்து படத்தை இழுக்கும் பழைய கார்டு அதில் வேலை செய்யாது.

புது மெமரி மாட்டிக்கொடுத்த ஜெனோ அன்றே சொன்னான். "யக்கா, எட்டு ஜிபி இருக்குன்னு துள்ளாத. இதுக்கு மூணு சொச்சந்தான் கண்ணு தெரியும். நிறுத்தி நிறுத்தித் துண்டு துண்டா எடு. இல்லேன்னா விக்கிச் செத்துரும்."

"போலே, உனக்கு எப்பவும் அபசகுனப் பேச்சுதான்."

கம்ப்யூட்டரைப் போட்டதும், விண்டோஸ் வருமுன் வரும் கறுப்புத் திரையில் எட்டு ஜிபி என்றுதான் வந்தது. ஜாஸ்மிக்குத் தெம்பு வந்துவிட்டது. அதோடு நேசபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல நிறுத்தாத மக்கா. ஒருக்கா கரண்டு போயி இது பாதியில நின்னுச்சு. அந்த மாசந்தான் அவரு போனாரு. அதுக்கப்புறம் இதப் போடவே இல்ல."

ஜாஸ்மி நிறுத்தாமல் ஓடவிட்டாள்.

தாலி கட்டு போனது. பந்தி போனது. மரியதாசன் எழுந்தான், மைக்கை வாங்கி ஒரு ஊது ஊதினான், வாயைத் திறந்தான்.

திரை அப்படியே நின்றது. சத்தமும் நின்றது. கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பதறிப்போன ஜாஸ்மி பின்னால் ஓட்டினாள். பூஞ்சை பிடித்த நாடா எங்கோ ஒட்டி, இழுபட்டு, அறுந்தது.

"நேசக்கா..." என்றாள். கால்மாட்டில் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பாதிக்கு மேல் இடம் சும்மா கிடந்தது.

"அத அணைச்சிராத மக்கா" என்றாள் நேசபாய்.

மருதாணிக் கையோடு மகள் வந்தாள். திறந்த வாயோடு நிற்கும் அப்பாவை வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா என்னம்மா சொல்லப் போறாவ?"

நேசபாய் சொன்னாள், ஒரு சொல் விடாமல். ஆனால் அது நேசபாயின் குரலாகத்தான் இருந்தது.

உங்கள் வீட்டில் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருக்கட்டும், மக்களே. வாசலில் நின்று நீங்கள் கூப்பிட்டால், உள்ளேயிருந்து பதில் வரட்டும்.