சத்தம் போடாத கால்

தையல்காரர் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டியின் வாயில் இருந்தது பற்கள் அல்ல, ஊசிப் பெட்டி. உடம்பு உள்ளங்கையளவுதான். ஆனால் அது கடிக்கிற அழகைப் பார்த்தால் முதலைகூடப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டு போகும். வந்த வாரத்திலேயே ஒரு செருப்புக் கடைக்கான சரக்கைத் தின்று தீர்த்தது. நாற்காலிக் கால்களைப் பென்சிலாகச் சீவியது. மகள்தான் அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள். கத்தரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். தையல்காரரின் மனைவியோ, இன்னொரு தடவை யார் மேலாவது பல் பட்டால் தன் தம்பியின் சிமெண்ட் குடோனில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

மகள் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அவர் சொன்ன வைத்தியம் எளிது. அடிக்கக் கூடாது. குட்டி கடித்தால், கடி வாங்கியவர் உயிர் போவதுபோலக் கத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். விளையாட்டு நின்றுபோனால் குட்டிக்குத் தானாக உறைக்கும்.

தாயும் மகளும் வஞ்சனையில்லாமல் கத்தினார்கள். தாயின் முதல் கத்தலில் எதிர்வீட்டுக் கடிகாரம் நின்றது. தெருமுனையில் பேருந்துக்காரர் பிரேக் போட்டு, யார் அடிபட்டது என்று இறங்கிப் பார்த்ததாகவும் கேள்வி. குட்டி வெலவெலத்துப் போயிற்று. முதலில் பல்லை மெதுவாக வைத்துப் பார்த்தது. பிறகு நாக்கோடு நிறுத்திக்கொண்டது.

தையல்காரர் மட்டும் ஒருநாளும் கத்தவில்லை. தன்னை அது கடிப்பதே இல்லை, மனுஷாளைத் தெரிந்த ஜீவன் என்று வாடிக்கையாளர்களிடம் மார்தட்டிக்கொண்டார்.

உண்மை வேறு. சர்க்கரை வியாதி அவருடைய இரண்டு பாதங்களையும் மரக்கட்டையாக்கி நாளாயிற்று. ஒற்றைச் செருப்பு வழியில் கழன்று விழுந்தது தெரியாமல் சந்தைவரை நடந்து, பேரம் பேசி, பையை நிரப்பிக்கொண்டு திரும்பிய ஆள் அவர். டாக்டர் எச்சரித்ததை வீட்டில் மூச்சுவிடவில்லை. சொன்னால் மனைவி மறுநாளே மெஷினை விலை பேசிவிடுவாள். மெஷின் முன்னால் உட்காராத ஒரு காலைப்பொழுதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மோட்டாரின் இரைச்சலைக் காதால் அளந்து, வலது காலால் பெடலை அழுத்தக் கற்றுக்கொண்டார். இடது காலுக்கு வேலை இல்லை. அது மேசைக்கடியில் வெட்டுத்துணிக் குவியலுக்குள் சும்மா கிடக்கும். கத்தரியும் அங்கேதான் கிடக்கும்.

வீட்டில் இருந்த கைகால் எல்லாம் கத்தின. இது ஒன்றுதான் கத்தவில்லை. ஆக, இது நமக்கு என்று கொடுத்தது போலிருக்கிறது என்று குட்டி எடுத்துக்கொண்டது. அதன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

பள்ளிக்கூடச் சீருடைகள் கூரையை முட்டிக்கொண்டிருந்த சமயம். மனைவி டீயோடு வந்தாள். அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காலர் தைத்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் சளக் சளக்கென்று சத்தம். குனிந்து பார்த்தாள். நீலமும் வெள்ளையுமாகக் கிடக்க வேண்டிய வெட்டுத்துணி சிவந்து கிடந்தது. சுண்டுவிரல் இருந்த இடத்தை நாய்க்குட்டி பதவிசாக மென்றுகொண்டிருந்தது.

"ஏங்க, வலிக்கலயா?"

"எது?" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களை எடுத்தார்கள். புண் மேலே ஏறியது. பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். கத்தரி சிமெண்ட் குடோனுக்குப் போயிற்று.

"அது என்னம்மா பண்ணும்? அப்பா ஒரு தடவை கத்தியிருந்தா விட்டிருக்கும்" என்று மகள் அழுதாள்.

வீடு திரும்பிய தையல்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடியே மெஷினைப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார். பெடலுக்கு வலது கால் ஒன்று போதும், அது குதிரை மாதிரி இருக்கிறது என்றார். இருக்கிற காலையாவது சோதித்துக்கொண்டே இருக்கும்படி மனைவியிடம் டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவள் ஒரு குண்டூசியோடு அவர் காலடியில் உட்கார்ந்தாள். குதிகாலில் வைத்தாள்; "ஸ்ஸ்" என்றார். பெருவிரலில் வைத்தாள், முகத்தைச் சுளித்தார். ஊசி போகிற இடமெல்லாம் அவர் கண்ணும் போய்க்கொண்டிருந்தது.

"கண்ண மூடுங்க."

"என்னம்மா, பரீட்சையா வைக்கிற?"

"மூடுங்க சொல்றேன்."

மூடினார். கொஞ்சம் பொறுத்தார். இந்நேரம் குத்தியிருப்பாள் என்று கணக்குப் போட்டு, கட்டில் கிடுகிடுக்க ஒரு கத்து கத்தினார். பேருந்துக்காரர் கேட்டிருந்தால் வேலையையே விட்டிருப்பார்.

கண்ணைத் திறந்தபோது அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் தொடவே இல்லீங்க" என்றாள்.