பதினோராம் பக்கம்

கிரேன் ஹாலோவே வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், அந்தப் பெயரை வாயால் சொல்லாமல் காலம் தள்ளக் கற்றுக்கொண்டிருந்தார்கள். முடிவெட்டும் கடையில் கேட்டால், "ஏதோ ஃபைனான்ஸ்." கல்யாண விருந்தில் கேட்டால், "டவுன்டவுன்ல ஒரு ஆபீஸ்." வங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்து, ஊர் ஊராக ஜனங்கள் வேலை இழந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிரேன் ஹாலோவே மட்டும் கவிழாமல் போனஸ் கொடுத்தது. அதை எவன் மன்னிப்பான்?

நீல் ஹுடாக் இந்த வித்தையில் மற்றவர்களை மிஞ்சியவன். வேலையில் சேர்ந்த புதிதில், பேங்குகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் வேலை என்று அப்பாவிடம் அரை உண்மை சொன்னான். வங்கியின் பெயர் நாறியபின் "பேங்க்" என்ற வார்த்தையும் உதிர்ந்துபோனது. இப்போது பென்சில்வேனியாவில் அவன் பிறந்த பிரன்ட்டனில் யாரைக் கேட்டாலும், மைலோவின் மகன் நியூயார்க்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான் என்பார்கள்.

மைலோ ஹுடாக் அந்த ஊரின் தண்ணீர் வாரியத்தில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் பார்த்தவர். சாப்பாட்டு மேஜையில் அவருக்கு ஒரே பெருமைதான். "நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு வீடு. எல்லா வீட்டு நாய்க்கும் என்னைத் தெரியும்." வேறு வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்வார்கள், இந்த வீட்டில் ஜெபத்தோடு இந்த எண்ணையும் சொல்வார்கள். நீலுக்குத் தன் பிறந்தநாள் மறந்தாலும் அது மறக்காது.

அந்த எண்ணை அவன் ஆபீசிலும் ஒருநாள் பார்த்தான்.

2007. அவன் வேலை, பெரியவர்கள் வாடிக்கையாளரிடம் எடுத்துப்போய்க் காட்டிப் பேரம் பேசுகிற விளக்கப் புத்தகங்களை அச்சுக்குத் தயார் செய்வது. ஒவ்வொரு பேரத்துக்கும் ஒரு ரகசியப் பெயர் உண்டு. வாங்குகிறவன் யார் என்று கீழே இருக்கிறவனுக்குச் சொல்லமாட்டார்கள். இது 'வால்நட் திட்டம்'. ஏதோ ஒரு சின்ன ஊர், தண்ணீர்க் குழாய்க்காகக் கடன் வாங்கியிருக்கிறது. அதன் வட்டியை வங்கியோடு மாற்றிக்கொள்ளப்போகிறது: ஊர் கட்டுவது நிலையான வட்டி, வங்கி கட்டுவது சந்தையோடு ஏறி இறங்குகிற வட்டி. வட்டி விகிதம் ஏறினால் ஊருக்கு லாபம், விழுந்தால் ஊர் தொலைந்தது. பதினோராம் பக்கத்தில், வட்டிக்குத் தக்கபடி ஊரின் லாப நஷ்டத்தைக் காட்டும் படத்தில், நீல் பூஜ்ய வட்டியிலிருந்து கோடு போட்டிருந்தான். மேலதிகாரி பார்த்துவிட்டு, "மூணு சதவீதத்துலேர்ந்து ஆரம்பி. கீழே இருக்கிறது அசிங்கமா இருக்கு" என்றார். நீல் வெட்டினான். படம் அழகாக வந்தது. ஊர் தொலைகிற பகுதி காகிதத்துக்கு வெளியே போய்விட்டது.

அதே புத்தகத்தின் நாலாம் பக்கத்தில், தண்ணீர் இணைப்புகள்: 4,112.

அவன் கை ஒரு நிமிஷம் நின்றது. அமெரிக்காவில் ஆயிரம் ஊர் இருக்கிறது, ஒரே எண் இரண்டு ஊருக்கு வராதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும் என்பதுதான் காரணம். மூன்று மாதம் கழித்து, பேரம் முடிந்தால் குழுவில் எல்லாருக்கும் நினைவுப் பரிசாகக் கொடுக்கிற கண்ணாடிக் கட்டி வந்தது. பேருக்குத்தான் கண்ணாடி, உள்ளங்கை அகலத்தில் தெளிந்த பிளாஸ்டிக், உள்ளே பொம்மையாக ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி, தொட்டியில் ஊர்ப் பெயர்: பிரன்ட்டன்.

பிறகு வட்டி அதலபாதாளத்துக்கு விழுந்தது. தண்ணீர் பில் இரண்டு மடங்கானது. ஊர் கொடுக்கிற பணம் நின்றுபோய், தீயணைப்புச் சங்கம் தன் இரண்டாவது வண்டியை விற்றது. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள். இங்கே உப்பைத் தின்றவன் நியூயார்க்கில் இருந்தான். தண்ணீருக்குக் காசு கட்டியது பிரன்ட்டன்.

ஆத்திரத்தைக் காட்ட நியூயார்க் தூரம். கையெழுத்துப் போட்ட ஊர்ப் பொருளாளர் லோரெய்ன் பாத்கோ பக்கத்துத் தெருவில் இருந்தாள். பத்தொன்பது வருஷம் அந்தப் பதவியில் இருந்தவள், புருஷன் இல்லாதவள், போன வருஷம்தான் சமையலறையைப் புதுப்பித்திருந்தாள். போதாதா? வங்கி கொடுத்த காசு என்றார்கள். அவள் தபால் பெட்டியில் யாரோ 'திருடி' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அப்பாவே போனில் சொன்னார், "அவ திருடிடா. எங்க எல்லாரையும் வித்துட்டா." நீல் அதற்கு, "ம்" என்றான்.

அந்த 'ம்' தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. சாப்பிடும்போதும் குத்தியது, சும்மா இருக்கும்போதும் குத்தியது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கண்ணாடிக் கட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்தான். ஆற்றுப் பாலத்தில் கார் நிறுத்தி, தண்ணீரில் எறிந்துவிடலாமா என்றுகூடப் பார்த்தான். அதற்கும் தைரியம் வரவில்லை.

தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சி கிடையாது, தீயணைப்புக் கூடத்தில் சங்க நிதிக்காக மீன் பொரிப்பார்கள். ஊரே வந்து சாப்பிடும். மைலோ எண்ணெய்ச் சட்டி முன்னால் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார். வாசல் மேஜையில் சீட்டுக் கொடுப்பது எப்போதும் லோரெய்ன்தான். இந்த வருஷமும் வந்து உட்கார்ந்திருந்தாள். ஜனங்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் பணத்தை வைத்துவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். நீல் பணம் கொடுத்தபோது அவள் மட்டும் சிரித்தாள். "மெலிஞ்சுட்டியேப்பா. கம்ப்யூட்டர் சோறு போடலையா?" என்றாள். அவனுக்குச் செத்துப்போய்விடலாம் போலிருந்தது.

மீன் தட்டோடு போய் உட்கார்ந்தான். பின்னாலேயே ரஸ் கிம்மல் வந்தார். விற்றுப்போன தீயணைப்பு வண்டியை இருபது வருஷம் ஓட்டியவர். சீட்டு மேஜை முன்னால் நின்று, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"ஏன் லோரெய்ன், இந்தப் பணமாவது பெட்டிக்குப் போகுமா, இல்ல சமையல்கட்டுக்குத்தானா?"

இரண்டு மேஜையில் சிரித்தார்கள். லோரெய்ன் சீட்டுக் கட்டை மேஜையில் வைத்தாள்.

"நான் கேட்டேன் ரஸ். நூறு தடவை சொல்லிட்டேன். வட்டி விழுந்தா என்ன ஆகும்னு அவங்க மூஞ்சியைப் பார்த்துக் கேட்டேன். பதினோராம் பக்கத்தைப் பாருங்கன்னாங்க. பார்த்தேன். அந்தக் கோடு மூணுக்குக் கீழே போகவே இல்லை."

"ஓ, பக்கம்! பக்கத்து மேலதான் தப்பு. உன் மேல இல்லை."

மறுபடியும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் மைலோவும் இருந்தார். நீல் அதைப் பார்த்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சோற்றைத்தான் இந்தப் பொம்பளை தின்றுகொண்டிருக்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது. எழுந்தான். பையிலிருந்ததை எடுத்துச் சீட்டு மேஜையில் வைத்தான்.

"அவங்க சொல்றது நிஜம்" என்றான். "அந்தக் கோட்டை வெட்டினது நான்தான். நான் கிரேன் ஹாலோவேல வேலை பார்க்கிறேன்."

லோரெய்ன் கண்ணாடிக் கட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொம்மைத் தொட்டியில் தன் ஊர்ப் பெயரைப் படித்தாள்.

"இதுக்குப் பரிசு வேற கொடுத்தாங்களா?" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. நீலுக்கு முகம் கொதித்தது. அந்தச் சூட்டில் வாய் தானாகவே ஓடியது. ரகசியப் பெயர் வைக்கிற வழக்கத்தைச் சொன்னான், வால்நட் என்றான், எந்த ஊர் என்று கீழே இருப்பவனுக்குச் சொல்லமாட்டார்கள் என்றான், இந்தக் கட்டி கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது என்றான். சொல்லச் சொல்லக் கூடம் கொஞ்சம் இளகியது. பின்னாலிருந்து யாரோ, பாவம், பையனை ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார்கள். ரஸ்கூடத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பயலுக நம்ம ஊர்ப் பிள்ளையை வெச்சே ஊரை அறுத்திருக்கானுக" என்றார்.

நீலுக்கு மூச்சு வந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் தாங்கக்கூடிய வெட்கக்கேடு. தெரியாமல் செய்தவனுக்கு எந்த ஊரிலும் ஒரு நாற்காலி உண்டு.

மைலோ அடுப்பை அணைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கட்டியைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகத்துல எத்தனை இணைப்புன்னு போட்டிருந்துச்சா?"

கூடத்தில் வேறு யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. இல்லை என்று சொன்னால் போதும். அப்பா நம்பிவிடுவார். நம்புவதற்குத்தான் கேட்கிறார் என்பது அந்தக் கண்ணிலேயே தெரிந்தது. லோரெய்ன் இன்னும் அந்தப் பொம்மைத் தொட்டியைக் கையில் வைத்திருந்தாள்.

"போட்டிருந்துச்சுப்பா" என்றான் நீல். "நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு."

மைலோ தலையை ஆட்டினார். பில் கட்டாத வீட்டில் மீட்டரைப் படித்துவிட்டு எழுதிக்கொள்ளும்போது ஆட்டுவதுபோல, கோபமே இல்லாமல். பிறகு லோரெய்ன் பக்கம் திரும்பினார்.

"லோரெய்ன், நான் உன்னைத் திருடின்னு சொன்னேன். தெருவிலேயும் சொன்னேன், போன்லேயும் சொன்னேன்." நிறுத்தினார். மகனைப் பார்க்காமலே கேட்டார். "போன்ல சொன்னப்போ நீ கேட்டுக்கிட்டுதானேடா இருந்தே?"

நீலுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். நியூயார்க் அவனுக்கு அதற்குத்தான் சம்பளம் கொடுத்தது. இப்போது அவன் வாயிலிருந்து வந்தது அன்றைக்குப் போனில் வந்ததேதான்.

"ம்" என்றான்.